கிரெய்ன்: அம்புக்குள் இருமுறை வரும் சொல்

மரவில்லால் ஆப்பிரிக்க எருமை, கொடுங்கரடி போன்ற பெருவிலங்குகளை வேட்டையாடுவதைப் பற்றிய எழுத்தில் "650 கிரெய்ன் அம்பு" என்ற தொடர் அடிக்கடி வரும். தமிழில் இது "650 தானிய அம்பு" ஆகிவிடுவதுண்டு. கிராம் என்று படித்துவிடுவோரும் உண்டு. பெண்கள் போட்டியில் எறியும் ஈட்டியே 600 கிராம்தான். 650 கிராமில் அம்பு செய்தால் அதை எறியத்தான் முடியும், எய்ய முடியாது.

கிரெய்ன் ஓர் எடையளவு. விதை, மணி எனப் பொருள்படும் 'கிரானும்' என்ற லத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. வாற்கோதுமை மணி ஒன்றின் எடையை அங்கே அலகாகக் கொண்டார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். 1959இல் பவுண்டைக் கிலோகிராமோடு பிணைத்து வரையறுத்தபோது, ஒரு கிரெய்ன் 64.79891 மில்லிகிராம் என்று நிலைத்தது. ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 15.43 கிரெய்ன். மருந்துக்கடையிலும் இதன் மிச்சம் இருக்கிறது: 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை என்பது பழைய 5 கிரெய்ன் மாத்திரைதான். 650 கிரெய்ன் அம்பு 42 கிராம். நம் கணக்கில் ஐந்தேகால் சவரன்.

இதற்கு 'நெல்லெடை' என்று பெயர் வைக்கத் தோன்றும். பொன் நிறுப்பதில் 4 நெல்லெடை ஒரு குன்றிமணி, 2 குன்றிமணி ஒரு மஞ்சாடி என்ற வாய்பாடு நம்மிடம் இருந்தது. ஆனால் அளவு ஒத்துவராது. ஆங்கிலேயர் காலத்துத் தோலா 180 கிரெய்ன். அதில் 96 ரத்தி, அதாவது 96 குன்றிமணி. அப்படியானால் ஒரு குன்றிமணி 1.875 கிரெய்ன், ஒரு நெல்லெடை அரைக் கிரெய்னுக்கும் சற்றுக் குறைவு. நெல்லெடை என்று எழுதினால் அம்பு பாதி எடைக்கு இளைத்துவிடும். 'மணியெடை' என்பது வேர்ப்பொருளுக்கும் பொருந்தும், பழைய அளவு எதனோடும் மோதாது. அளவு துல்லியமாக வேண்டிய இடத்தில் கிரெய்ன் என்றே எழுதி, கிராமையும் சேர்த்துத் தருவது நல்லது.

650 என்ற எண் அமெரிக்கரான எட் ஆஷ்பியின் சோதனைகளிலிருந்து வந்தது. 1980களில் தென்னாப்பிரிக்காவின் நாட்டால் பகுதியில் தொடங்கி, பெருவிலங்கு உடல்களில் அம்பு எவ்வளவு ஆழம் போகிறது என்று அளந்தார். கனத்த எலும்பைப் பிளந்து உள்ளே போக அம்பு ஏறத்தாழ 650 கிரெய்னாவது இருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. ஆப்பிரிக்க எருமைக்குத் தோல் தடிமன், விலா எலும்புகள் அகலமானவை. அதனால் இதற்கும் மேலே, 800, 900 என்று போகிறவர்கள் உண்டு.

வேகம் கூடினால் போதாதா என்று கேட்கலாம். 500 கிரெய்ன் (32.4 கிராம்) அம்பு நொடிக்கு 61 மீட்டரில் போனால் அதன் ஆற்றல் 60 ஜூல். 900 கிரெய்ன் (58.3 கிராம்) அம்பு 45.7 மீட்டரில் போனாலும் ஆற்றல் கிட்டத்தட்ட அதேதான். உந்தமோ (கிலோகிராமில் நிறையை வேகத்தால் பெருக்கியது) முதலதற்கு 1.98, அடுத்ததற்கு 2.67. தோலும் எலும்பும் தடுக்கும்போது கனத்த அம்பு எளிதில் நின்றுவிடாது. மரவில்லால், கப்பிகள் பொருத்திய காம்பவுண்ட் வில்லின் வேகத்தைத் தர முடியாது என்பதால் இங்கே எடைதான் துணை. அதற்குக் கொடுக்கும் விலை, அம்பு வளைந்து தாழும் பாதை. 20 மீட்டருக்குள் நெருங்காமல் எய்யக் கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம். பக்கத்தில் துப்பாக்கியோடு ஒருவர் நிற்பது தனி ஏற்பாடு. (இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்த வேட்டைக்கே இடமில்லை.)

கோல், முனை, இறகு, பசை எல்லாம் சேர்ந்ததே அம்பின் எடை. ஹிக்கரி மரக்கோல் 450, இரும்பு முனை 190, மூன்று இறகும் 10, கட்டு நூலும் பசையும் 15 என்றால் 665 கிரெய்ன். ஒரே கட்டில் வாங்கிய மரக்கோல்களே எடையில் வேறுபடும். நிறுத்து, 10 கிரெய்னுக்குள் ஒத்தவற்றைத் தனியே சேர்க்க வேண்டும். நகைத் தராசு போதும், அதில் 'ஜி.என்.' என்ற குறியே கிரெய்ன்.

இரண்டு இடத்தில் கணக்குத் தவறும். ஒன்று, முனையை மட்டும் கனமாக்குவது. 125 கிரெய்ன் முனையைக் கழற்றிவிட்டு 200 போட்டால் அதே கோல் எய்யும்போது கூடுதலாக வளையும். வலக்கைக்காரருக்கு அம்பு வலப்பக்கம் விலகும். நேராகப் பறக்காத அம்பு பட்ட இடத்திலேயே வலுவை இழக்கும். முனை கூடினால் விறைப்பான கோலுக்கு மாற வேண்டும். மற்றது, வேகத்துக்காக எடையைக் குறைப்பது. மரவில்லுக்கு இழுவிசையில் பவுண்டுக்கு 10 கிரெய்ன் என்பது பழகிய வரம்பு: 60 பவுண்டு வில்லுக்கு 600. 300, 350 என்று இறங்கினால் அம்பு வாங்கிக்கொள்ளாத ஆற்றல் வில்லின் கைகளிலேயே தங்கி அதிரும். வெறும் நாணை விடுவதற்கு அடுத்தபடி வில்லை உடைக்கும் வழி இதுதான்.

இனி இன்னொரு கிரெய்ன். மரத்தின் நார் ஓடும் போக்குக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். எடை பேசும் பத்தியிலேயே இதுவும் வருவதால் மொழிபெயர்ப்பாளர்கள் இடறுகிறார்கள். எண்ணோடு வந்தால் எடை. ஓடுகிறது, வெளியேறுகிறது என்று வந்தால் மரம். நம் தச்சர்கள் ரேகை என்பார்கள்; எழுத்தில் 'இழையோட்டம்' தெளிவாக இருக்கும். இழை கோலின் நீளம் முழுக்க ஓடாமல் நடுவில் பக்கவாட்டில் வெளியேறினால் அங்கேதான் கோல் முறியும். நாண் பொருந்தும் குதையை ஆண்டு வளையங்களுக்குக் குறுக்காக வெட்ட வேண்டும். வளையத்தின் போக்கிலேயே வெட்டினால் நாண் அதை ஆப்பு வைத்தது போலப் பிளந்துவிடும். இழை சற்றே வெளியேறும் கோலை விட்டுவிட மனமில்லையென்றால், மேற்பக்கத்தில் இழை வெளியேறும் இடத்தில் தெரியும் கூர் வடிவங்கள் முனையை நோக்கி இருக்கும்படி வைத்துக் குதை வெட்டுவார்கள். எய்யும்போது கோல் முறிந்தாலும் சிம்பு வில் பிடித்த கையில் ஏறாமல் மேலே விலகிப் போக வாய்ப்பு அதிகம்.