சோடியம் ஆனோடின் மேற்பரப்பில் இருக்கும் சிக்கல்

கோத்தகிரி, குன்னூர் பகுதிகளில் சூரிய மின்சாரத்துக்கான பேட்டரிகளைப் பொருத்திப் பராமரிக்கும் பணியில் இருக்கிறேன். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால் மின்சாரம் திரும்பப் பல மணி நேரமாகும் இம்மலையில், சோடியம் பேட்டரி வாங்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். விற்பனைக்கு வரத் தொடங்கியிருப்பது சோடியம் அயனி பேட்டரி. சாதாரண வெப்பநிலையில் இயங்கும் சோடியம் உலோக பேட்டரி பெரும்பாலும் ஆய்வு நிலையிலேயே இருக்கிறது.

அயனி பேட்டரியின் ஆனோடான (சார்ஜ் ஏறும்போது சோடியம் வந்து சேரும் எதிர்மின் முனை) கடினக் கார்பன், கிராமுக்கு ஏறத்தாழ 300 மில்லி ஆம்பியர் மணி அளவே மின்னூட்டத்தைச் சேமிக்கும். சோடியம் உலோகமே ஆனோடானால் அது கோட்பாட்டளவில் 1166 ஆகும். ஆயினும் சோடியம், மின்பகுளியை, அதாவது இரு முனைகளுக்கிடையே அயனிகளைக் கடத்தும் திரவத்தை, தொட்டதுமே அதைச் சிதைத்துத் தன்மேல் ஒரு மெல்லிய படலத்தை உருவாக்கிக்கொள்கிறது. மின்பகுளியில் கார்பனேட் வகைக் கரைப்பான்கள் இருந்தால் உருவாகும் படலம் சீரற்றது. சிறிது சிறிதாகக் கரையவும் செய்கிறது. சார்ஜ் ஏறும்போது உலோகம் படிந்து ஆனோடு பருக்க, படலம் விரிசல் விடுகிறது. விரிசலில் மின்னோட்டம் குவிந்து முள் முள்ளாக டென்ட்ரைட் வளர்கிறது. அது எதிர்ப்புற முனையைத் தொட்டுவிட்டால் குறுக்குச்சுற்றும் தீயும் நேரலாம்.

2015இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், சோடியம் ஹெக்சாபுளூரோபாஸ்பேட் உப்பை டைகிளைம் போன்ற ஈதர் வகைக் கரைப்பான்களில் கரைத்தபோது, சோடியம் ஆக்சைடும் சோடியம் புளூரைடும் செறிந்த சீரான படலம் உருவாகி, முட்களின்றி உலோகம் படிவதைக் காட்டினர். டைகிளைம் சுழியத்துக்குக் கீழே 64 டிகிரி செல்சியஸ் வரை உறையாது என்பது, உறைபனி விழும் ஊட்டிப் பகுதிக்கு முக்கியமான செய்தி. உயர் மின்னழுத்தத்தில் ஈதர்கள் சிதைவதுதான் அவற்றின் குறை. நுண்துளைக் கார்பனில் சோடியத்தைத் தாங்கவைக்கும் முறை மின்னோட்டத்தைப் பரவலாக்குகிறது. ஆனால் படலம் பலவீனமாக இருந்தால், கூடுதல் பரப்பு கூடுதல் சிதைவுக்கே வழிவகுக்கும். ஆகவே படலத்தைச் செம்மைப்படுத்தும் ஆய்வே முதன்மையானது என்று கருதுகிறேன்.

இது அயனி பேட்டரி வாங்குவோருக்கும் தொடர்புடையது. கடுங்குளிரில் வேகமாகச் சார்ஜ் ஏற்றினால், கடினக் கார்பனுக்குள் புக முடியாத சோடியம் அதன்மேல் உலோகமாகவே படியக்கூடும். எனவே குறைந்தபட்சச் சார்ஜ் வெப்பநிலையை விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். உப்பிய பேட்டரியை நீங்களே பிரிக்காதீர்கள். உள்ளே படிந்த சோடியம், பனிமூட்டத்தின் ஈரத்தோடு வினைபுரிந்து வெப்பத்தையும் ஹைட்ரஜனையும் எரிசோடாவையும் உண்டாக்கும். உப்பிய பேட்டரியை வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள்களுக்கு எட்டாத உலர்ந்த இடத்தில் வைத்து, விற்றவரையே அழைத்து எடுத்துச் செல்லச் சொல்லுங்கள்.