பயந்து தள்ளிப்போட்டா ஊசியும் சரியா வேலை செய்யாது

"டாக்டரம்மா, வலிக்குமா?" நான் பல் டாக்டர், என் சேர்ல உக்காருறதுக்கு முன்னாடியே வர்ற கேள்வி இது. வயசு வித்தியாசமே கெடையாது, பள்ளிக்கூடம் போற புள்ளையும் கேக்கும், போலீஸ் வேலை பாக்குறவரும் கேப்பாரு. நான் "வலிக்கவே வலிக்காது"ன்னு சொல்றதில்ல, ஏன்னா அது பொய், ஒருதடவ பொய் சொல்லிட்டா அடுத்து நான் எது சொன்னாலும் நம்ப மாட்டாங்க. மொதல்ல ஈறுல ஒரு ஜெல் தடவுவோம், இல்லன்னா ஸ்ப்ரே அடிப்போம். அப்புறம் லிக்னோகெயின்னு மரத்துப்போக வைக்கிற ஒரு மருந்து, 2 சதவீதம், கூட கொஞ்சூண்டு அட்ரினலின் கலந்தது, அத ஊசியில ஏத்துவோம். குத்துற எடத்துல சுருக்குன்னு இருக்கும், மருந்து உள்ள போறப்ப ஒரு இறுக்கம் இருக்கும். வேகமா ஏத்துனா வலிக்கும், மெதுவா ஏத்துனா அவ்ளோ தெரியாது, அதனால ஊசிய வச்சுக்கிட்டு ஏன் இவ்ளோ நேரம் எடுக்குறாங்கன்னு சலிச்சுக்காதீங்க. ஒரு 5 நிமிஷத்துல உதடு தடிச்சுப்போன உணர்வு வரும். அதுக்கப்புறம் வலி தெரியாது, ஆனா அமுக்குறது, ஆட்டுறது, இழுக்குறது எல்லாம் தெரியும், அது மரத்துப்போகாது. இத முன்னாடியே சொல்லி வைக்கலன்னா அமுக்குறதையே வலின்னு நெனச்சு பதறிடுறாங்க.

அப்ப "எனக்கு போன தடவ ஊசியே ஏறல, உசுரு போயிருச்சு"ன்னு சொல்றவங்க பொய் சொல்றாங்களான்னு கேட்டா, இல்ல, அவங்க சொல்றது நெஜம்தான். இந்த மருந்து நரம்புக்குள்ள நுழையணும்னா ஒரு குறிப்பிட்ட வடிவத்துல இருக்கணும். சீழ் பிடிச்சு வீங்கிக் கெடக்குற எடத்துல அமிலத்தன்மை ஜாஸ்தி, அங்க போன ஒடனே அந்த வடிவத்துல இருக்குற மருந்து கொறைஞ்சிடும். கூடவே, ராத்திரி பூரா விண்ணு விண்ணுன்னு தெறிச்ச நரம்பு சாதாரண நரம்ப விட பல மடங்கு உஷாரா இருக்கும். கீழ் கடவாய்ப்பல்லுன்னா இன்னும் மோசம், அங்க எலும்பு கெட்டி, ஊசிய பல்லுகிட்ட போட்டா பத்தாது, தாடைக்குப் பின்னாடி நரம்பு உள்ள நுழையுற எடத்துல போடணும். ஆக என்ன நடக்குதுன்னா, சின்ன சொத்தையா இருந்தப்ப பயந்துக்கிட்டு வராம, தாங்கவே முடியாம போன அப்புறம் வர்றாங்க, அந்த நேரத்துல மருந்து பாதிதான் வேலை செய்யுது, வலிக்குது, வலிச்சத தெருவுல இருக்குற பத்து பேருக்கு சொல்றாங்க, அந்த பத்து பேரும் அவங்க சொத்தைய தள்ளிப்போடுறாங்க. பல் டாக்டர்னா வலின்னு ஒரு பேரு நெலச்சதுக்கு பாதி காரணம் இதுதான்னு நான் நெனைக்கிறேன், மீதி பாதிக்கு அவசரப்படுற எங்க ஆளுங்க காரணம்.

ஊசி போட்ட ஒடனே நெஞ்சு படபடன்னு அடிச்சுது, எனக்கு அந்த மருந்து அலர்ஜின்னு நெறைய பேர் சொல்வாங்க. பெரும்பாலும் அது அலர்ஜி கெடையாது, கூட இருக்குற அட்ரினலின் கொஞ்சம் ரத்தத்துல கலந்ததுதான், ரெண்டு மூணு நிமிஷத்துல அடங்கிடும். அலர்ஜின்னா ஒடம்புல தடிப்பு, அரிப்பு, மூச்சுத்திணறல்னு வரும், அது ரொம்ப அபூர்வம். எதுவா இருந்தாலும் நடந்தத அப்படியே சொல்லுங்க, மறைக்காதீங்க.

இன்னொன்னு, வெறும் வயித்தோட வராதீங்க. "ஊசி போடுவாங்க, சாப்பிடக்கூடாது"ன்னு யாரோ சொல்லி பட்டினியா வந்து சேர்லயே மயங்கி சரியுறவங்கதான் அதிகம். மயக்கம் குடுத்து பண்ற ஆபரேஷனுக்குத்தான் அந்த விதி, எடம் மட்டும் மரத்துப்போற ஊசிக்கு இல்ல. நாலு இட்லி சாப்பிட்டுட்டு, பி.பி. மாத்திரை சுகர் மாத்திரை எல்லாம் போட்டுட்டு, காலை நேரமா பாத்து வாங்க, சாயங்காலம் வரைக்கும் நெனச்சு நெனச்சு பயந்துக்கிட்டு இருக்க வேண்டாம். ரொம்ப பயமா இருந்தா ஒரு சைகை பேசி வச்சுக்கலாம், எடது கைய தூக்குனா நான் நிறுத்திடணும். கைய தூக்குனா உண்மையிலேயே நிறுத்துறாங்கன்னு ஒருதடவ தெரிஞ்சுட்டா பாதி பேர் அப்புறம் கைய தூக்குறதே இல்ல. அதுக்கும் அடங்காத பயம்னா நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது சிரிப்பு வாயு வச்சிருக்குற கிளினிக் இருக்கு, மூக்குல ஒரு மாஸ்க் வைப்பாங்க, முழிச்சுத்தான் இருப்பீங்க, ஆனா பதட்டம் போயிடும். 1844ல அமெரிக்காவுல ஹொரேஸ் வெல்ஸ்னு ஒரு பல் டாக்டர் இந்த வாயுவ இழுத்துக்கிட்டு தன்னோட சொந்த பல்லயே புடுங்கச் சொன்னாரு. 1846ல ஈதர் மயக்கத்துல ஆபரேஷன் பண்ண முடியும்னு ஊரறிய காட்டுன மார்ட்டனும் பல் டாக்டர்தான். வலி இல்லாம பண்றதுக்கு அலைஞ்ச கூட்டம்ங்க நாங்க, எங்களப் போயி வலி பார்ட்டின்னு சொன்னா கொஞ்சம் வருத்தமாத்தான் இருக்கு.

அப்பா அம்மாவுக்கு மட்டும் ஒரு வார்த்தை, "அடங்கலன்னா பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயி ஊசி போட்டுடுவேன்"னு புள்ளைங்கள மெரட்டாதீங்க, அப்புறம் அந்த புள்ள வாயத் தொறக்குறதுக்கு நாங்க படுற பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

மேல் பல்லு எடுத்தா கண்ணு போயிடுமா? போகாது. பல்லுக்கு வர்றது அஞ்சாவது மூளை நரம்பு, பாக்குறதுக்கு இருக்குறது ரெண்டாவது, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. சொத்தைக்குள்ள பூச்சியும் கெடையாது, புகை போட்டு பூச்சி எடுக்குறேன்னு சொல்றவங்ககிட்ட பணம் குடுக்காதீங்க, அது பாக்டீரியா பண்ற வேலை.

வீட்டு வைத்தியத்துல நான் பாக்குறது கிராம்பு எண்ணெய் வச்சு வெந்துபோன ஈறு, புகையிலை அடக்கி வச்சு வெந்த கன்னம், வலி மாத்திரைய முழுங்காம பல்லுமேலயே வச்சு வெந்த நாக்கு. வீங்குன கன்னத்துல சூடா ஒத்தடம் குடுக்க வேண்டாம். மெடிக்கல்ல கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டு வலி நின்னுடுச்சுன்னா குணமாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, பல தடவ உள்ள நரம்பு செத்துப்போனதாலதான் வலி நிக்குது, வேர் நுனியில சீழ் அமைதியா எலும்ப அரிச்சுக்கிட்டே இருக்கும். தாடைக்குக் கீழ கழுத்துப் பக்கம் வீக்கம் எறங்குது, எச்சி முழுங்க முடியல, காய்ச்சல் அடிக்குதுன்னா எந்த டாக்டர் நல்லவருன்னு விசாரிச்சுக்கிட்டு இருக்காதீங்க, அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு போங்க, மூச்சுக்குழாய அடைக்கிற அளவுக்கு போகக்கூடிய விஷயம் அது.

சரி, அழகு விஷயத்துக்கு வர்றேன். நான் இருக்குறது தருமபுரி பக்கம், இங்க "அடுத்த வாரம் பொண்ணு பாக்க வர்றாங்க, பல்லுல இருக்குற காவி எல்லாம் எடுத்து வெள்ளையாக்கிடுங்க"ன்னுதான் வருவாங்க. அந்த காவி முக்காவாசி வெத்தலபாக்கு கறை இல்ல, டீ கறையும் இல்ல, ஃபுளோரைடு கறை. நம்ம போர் தண்ணியில பல எடத்துல ஃபுளோரைடு ஜாஸ்தி. குடிக்கிற தண்ணியில லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும்தான் இருக்கணும், வேற தண்ணியே இல்லாத எடத்துல 1.5 வரைக்கும் போகலாம்னு இந்திய தர விதி. அதுக்கு மேல குடிச்சு வளர்ற கொழந்தைக்கு, பொறந்ததுலேர்ந்து ஒரு 8 வயசு வரைக்கும் ஈறுக்குள்ள பல்லு உருவாகுற நேரத்துலயே எனாமல், அதாவது பல்லோட வெளி அடுக்கு, கெட்டுப்போயிடுது, மொளைக்கிறப்பவே திட்டுத்திட்டா வெள்ளையாவோ காவியாவோதான் மொளைக்கும். அதனால சரியா வெளக்கலன்னு அந்த புள்ளையத் திட்டாதீங்க. 2013ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் வந்ததே இந்த பிரச்சினைக்காகத்தான், தருமபுரி கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணி. வீட்டுல சின்னப் புள்ள இருந்தா குடிக்கவும் சமைக்கவும் அந்த தண்ணியே பிடிச்சு வைங்க, போர் தண்ணி ருசியா இருக்குன்னு அதுக்கு போகாதீங்க. காய்ச்சுனா ஃபுளோரைடு போகாது, தண்ணி சுண்டுறதால இன்னும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும்.

இந்தக் கறை ஸ்கேலிங் (பல்லுல படிஞ்ச காரைய சுரண்டி எடுக்குறது) பண்ணா போகாது, ஏன்னா இது மேல ஒட்டிக்கிட்டு இருக்குற கறை கெடையாது. லேசான காவிக்கு மைக்ரோ அப்ரேஷன்னு ஒண்ணு பண்ணுவோம், ஒரு அமிலப் பசைய வச்சு எனாமலோட மேல்பரப்ப ரொம்ப மெல்லிசா தேய்க்கிறது, பல பேருக்கு அதுவும் அதுக்கப்புறம் ஒரு பிளீச்சிங்கும் போதும். ஆழமான கறைன்னா பல் நெற மருந்த மேல ஒட்டுறது, அதுக்கும் மேலதான் வெனீர், அதாவது பல்லோட முன்பக்கம் ஒட்டுற மெல்லிசான ஓடு. ஒரு வாரத்துல இது எதுவும் நல்லா வராது, ரெண்டு மாசம் முன்னாடி வாங்க. பிளீச்சிங் பண்ணா பல் கூச்சம் சில நாள் இருக்கும், அப்புறம் சரியாயிடும். ஏற்கனவே போட்ட கேப்பு (பல்ல முழுசா மூடுற உறை), அடைச்ச சிமெண்டு இதெல்லாம் பிளீச்சிங்ல வெளுக்காது, சுத்தி இருக்குற பல்லு வெளுத்து அது மட்டும் பழைய கலர்ல நிக்கும், இத முன்கூட்டியே சொல்லாம பண்ணிட்டு அப்புறம் கேப்பையும் மாத்தணும்னு சொன்னா சண்டை போடுங்க, தப்பே இல்ல. எலுமிச்சம்பழமும் சோடா உப்பும் கலந்து தேய்க்கச் சொல்ற வீடியோ, கரித்தூள், செங்கல் பொடி இதெல்லாம் எனாமலத்தான் தேய்ச்சு எடுக்குது, உள்ள இருக்குற அடுத்த அடுக்கு இயற்கையிலயே மஞ்சள், அதனால கொஞ்ச நாள்ல பல்லு இன்னும் மஞ்சளாத்தான் தெரியும். எனாமல் திரும்ப வளராது.

எனக்கு கோவம் வர்ற எடம் ஒண்ணு இருக்கு. இருபத்திரெண்டு, இருபத்திமூணு வயசுப் பசங்க, சொத்தை இல்ல ஒண்ணும் இல்ல, லேசா கோணல், அத கிளிப்பு போட்டா ஒன்றரை ரெண்டு வருஷம் ஆகும்னு, பத்து நாள்ல முடிச்சுத் தர்றோம்னு எவனோ விளம்பரம் போட்டத பாத்துட்டு மேல எட்டு பல்லயும் சுத்தி ராவி கேப்பு போட்டுட்டு வர்றாங்க. வெனீர்னா முன்பக்கம் அரை மில்லிமீட்டர் சுமாருக்கு எடுப்போம், கேப்புன்னா நாலு பக்கமும் ராவணும், எடுத்த எனாமல் எடுத்ததுதான். எந்த கேப்பும் ஆயுசுக்கும் வராது, ஒரு நாள் மாத்தணும், சிலதுல உள்ள நரம்பு செத்து வேர் சிகிச்சை வரைக்கும் போகும். தெத்துப்பல்லு உங்களுக்கு அழகா இருந்தா அப்படியே விட்டுடுங்க, அத சுத்தி வெளக்க முடியுதா, அவ்ளோதான் என் கேள்வி. பாதையோரத்துல ஒரே நாள்ல பல்லு கட்டித் தர்றவங்ககிட்ட மட்டும் போகாதீங்க, பக்கத்துப் பல்லுல கம்பியச் சுத்தி பிளாஸ்டிக்க ஊத்தி ஒட்டிடுறாங்க, அடியில ஈறு அழுகி, நல்லா இருந்த ரெண்டு பல்லும் சேந்து போகுது. பி.டி.எஸ் படிச்சிருக்காங்களா, டென்டல் கவுன்சில் பதிவு நம்பர் போர்டுல இருக்கான்னு பாருங்க, கேக்குறதுக்கு கூச்சப்படாதீங்க.

ஸ்கேலிங் பண்ணா பல்லு ஆடும்னு ஒரு பயம் உண்டு. ஈறு நோயில எலும்பு கரைஞ்சு பல்லு ஏற்கனவே ஆடிக்கிட்டுத்தான் இருக்கும், இடிஞ்ச சுவத்துக்கு முட்டு குடுத்த மாதிரி காரை அத பிடிச்சு வச்சிருக்கும், அத எடுத்ததும் உண்மை தெரியுது. காரை ஏற ஏற எலும்பு இன்னும் கரையும்.

தாடை வலிக்கு வர்றவங்க பெரும்பாலும் காது டாக்டர பாத்துட்டுத்தான் எங்ககிட்ட வருவாங்க, ஏன்னா தாடை மூட்டு காதுக்கு நேர் முன்னாடி இருக்கு. வாயத் தொறந்தா டக்கு டக்குன்னு சத்தம் வருது, வலி இல்லன்னா அதுக்கு வைத்தியமே வேண்டாம், அந்த சத்தம் ரொம்ப பேருக்கு இருக்கு. வலி இருந்தா உங்க மூணு வெரல அடுக்கி நெட்டுக்குத்தா வாய்க்குள்ள வச்சுப் பாருங்க, போகுதுன்னா வாய் தொறக்குற அளவு நல்லாத்தான் இருக்கு. அடுத்து ஒரு கேள்வி கேப்பேன், இப்ப போன் பாத்துக்கிட்டு இருக்கீங்களே, மேல்பல்லும் கீழ்பல்லும் தொட்டுக்கிட்டு இருக்கா? தொடக்கூடாதுங்க. உதடு மூடியிருக்கணும், பல்லுக்கு நடுவுல ரெண்டு மூணு மில்லிமீட்டர் எடைவெளி இருக்கணும், சாப்பிடுறப்பவும் எச்சி முழுங்குறப்பவும் மட்டும்தான் பல்லு சேரணும். டென்ஷன்ல நாள் பூரா கடிச்சுக்கிட்டே இருந்தா சதை வலிக்கத்தானே செய்யும். தூக்கத்துல நறநறன்னு கடிக்கிறத பக்கத்துல படுக்குறவங்கதான் சொல்லணும். கொஞ்ச நாள் முறுக்கு, கரும்பு, சூயிங்கம் எல்லாம் நிறுத்திட்டு, சதை வலின்னு டாக்டர் பாத்து சொல்லிட்டா லேசான ஒத்தடம் குடுத்து, தேவைப்பட்டா ராத்திரி போட்டுக்குற ஒரு தகடு செஞ்சு போட்டா பெரும்பாலானவங்களுக்கு அடங்கிடும், ஆபரேஷன் வரைக்கும் போறது கொஞ்ச பேருதான். ஆரம்பத்துலயே கடி சரியில்ல, நல்ல பல்லயெல்லாம் ராவி சரி பண்றேன்னு யாராவது சொன்னா இன்னொரு டாக்டர கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

மூணு வெரல் போகாம ரெண்டே வெரல்தான் போகுது, காரம் பட்டா வாயெல்லாம் எரியுதுன்னா நான் மொதல்ல கேக்குறது பாக்கு போடுவீங்களான்னு. மூட்டு நல்லாத்தான் இருக்கும், கன்னத்து உள்சதை நாராகி இறுகிக்கிட்டு வருது, அது புத்துநோய்க்கு முந்துன கட்டம். குட்கா பான் மசாலாவுக்கு தமிழ்நாட்டுல 2013லயே தடை போட்டாச்சு, ஆனாலும் கெடைக்குது, புகையிலை இல்லாத வெறும் பாக்குனா பரவால்லன்னும் நெனைக்கிறாங்க, உலக சுகாதார நிறுவனத்தோட புத்துநோய் ஆராய்ச்சிப் பிரிவு வெறும் பாக்கையே புத்துநோய் உண்டாக்குற பொருள்னு வகைப்படுத்தியிருக்கு. மூஞ்சி கழுவுறப்ப, காத்து பட்டா கூட, ஒரு பக்கம் மட்டும் கரண்டு ஷாக் அடிச்சு சில நொடில நிக்குதுன்னா அது நரம்பு வலியா இருக்கலாம், அதுக்காக வரிசையா நல்ல பல்லு எல்லாம் எடுத்துட்டு வந்தவங்க உண்டு, நரம்பு டாக்டர பாருங்க. நடந்தாலோ படி ஏறுனாலோ தாடை வலிக்குது, உக்காந்தா நிக்குது, இல்ல திடீர்னு தாடை வலியோட குப்புன்னு வேர்க்குது, நெஞ்சு அடைக்குதுன்னா என்கிட்ட வரவே வேண்டாம், 108க்கு போன் பண்ணுங்க.

காசு இல்லன்னு தள்ளிப்போடுறவங்களுக்கு, மாவட்ட அரசு ஆஸ்பத்திரியிலயே பல் பிரிவு இருக்கு, பெரிய வேலைன்னா சென்னையில அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, 1953லேர்ந்து நடக்குது, கூட்டம் இருக்கும், காலையிலயே போயிடுங்க. எங்க போனாலும் நீங்க சாப்பிடுற மாத்திரை அட்டைய கையோட எடுத்துட்டு போங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க, பல்லு புடுங்கணும்னு அத நீங்களா நிறுத்திட்டு வராதீங்க, முன்கூட்டியே போன்ல சொன்னா போதும், உங்க இதய டாக்டர்கிட்ட நாங்களே கேட்டுக்குறோம்.