டாக்டரிடம் காட்டுவதற்குள் மறையும் தடிப்பு

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். சாயங்காலமானால் கை, தொடை, இடுப்பு எல்லாம் கொத்துக் கொத்தாகத் தடிக்கிறதாம், அரிப்பு தாங்கவில்லையாம். காலையில் டாக்டரிடம் போனால் காட்ட ஒன்றுமில்லை. காணாக்கடி, அதாவது கண்ணில் படாத பூச்சி கடித்தது என்று மந்திரித்துப் பாடம் போட அழைத்துப் போனார்கள், மறுநாளே அடங்கிவிட்டது, அப்புறம் மறுபடி வந்துவிட்டது.

எந்தப் பூச்சியும் கடித்திருக்க வேண்டியதில்லை. தோலில் நுண்ணிய ரத்தக் குழாய்களை ஒட்டி மாஸ்ட் செல்கள் இருக்கின்றன. 1870களில் ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக் மாணவராக இருந்தபோதே சாயமேற்றி அடையாளம் கண்டவை. உள்ளே துகள்துகளாக ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள். ஒவ்வாத மாத்திரை, வைரஸ் காய்ச்சல், இறுக்கிக் கட்டிய பாவாடை நாடா என்று எதுவும் இந்தச் செல்களைச் சீண்டலாம். ஹிஸ்டமின் கொட்டியதும் குழாய்ச் சுவர் சற்றே விலகி, ரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து, தோல் உப்புகிறது. நீர் வடிந்ததும் தடிப்பும் போய்விடும்.

சரி, தடிப்பைச் சுற்றிப் படர்கிறதே ஒரு சிவப்பு, எனக்குப் பிடித்தது அதுதான். அவ்வளவு தூரம் ஹிஸ்டமின் போவதில்லை; சிவப்பை நரம்பு உண்டாக்குகிறது. அரிப்புச் செய்தி தண்டுவடத்தை நோக்கி ஓடும் வழியில், நரம்பிழை கிளை பிரியும் இடத்தில் பக்கத்துக் கிளையிலும் இறங்கித் தோலுக்கே திரும்புகிறது. அங்கே நரம்பு நுனி வேதிப்பொருளை விட, குழாய்கள் விரிகின்றன. மூளையை ஒரு வார்த்தை கேட்பதில்லை! 1920களில் லண்டனில் தாமஸ் லூயிஸ் என்ற டாக்டர் இதை விளக்கினார். நரம்பை வெட்டிய உடனே சோதித்தாலும் சிவப்பு வரும். நாளாகி நரம்பிழை சிதைந்த பிறகோ தடிப்பு மட்டுமே வரும்.

காட்பாடிக்கு அருகே கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மையம் இருப்பதாலோ என்னவோ, தோலில் எது வந்தாலும் நம் பக்கத்தில் 'அதுவாக இருக்குமோ' என்று பயப்படுகிறார்கள். தொழுநோய்த் தேமல் பெரும்பாலும் அரிக்காது, மரத்திருக்கும். மாலையில் வந்து காலையில் மறையாது. சந்தேகமான வெளிர் தேமலில் ஹிஸ்டமின் சொட்டு விட்டு ஊசியால் குத்திப் பார்ப்பது ஒரு பழைய சோதனை. தடித்தும் சுற்றிலும் சிவக்காவிட்டால், அங்கே நரம்பு கெட்டிருக்கிறது. லூயிஸ் சொன்னதேதான்.

ஒரு தடிப்பு பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் தானே அடங்கும். அப்படியிருக்க, சாயங்காலம் போட்ட பாடம் பலிக்காமல் என்ன செய்யும்? பாடம் போடுகிறவர் மேல் எனக்குக் கோபமில்லை. மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு களிம்பைத் தூக்கிக் கொடுக்கிறார்களே, கோபம் அவர்கள் மேல்தான். இதற்கு அது உதவாது, நாள்கணக்கில் தடவினால் தோல் மெலியும்.

தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, செல்போனில் படம் எடுத்து வையுங்கள். மறுநாளும் அதே கோட்டுக்குள் இருந்தாலோ, கன்றிப்போன நிறத்தை விட்டுச் சென்றாலோ தோல் டாக்டர் பார்க்க வேண்டும். இரவில் விரலிடுக்கு அரித்து, வீட்டில் மற்றவர்களுக்கும் இருந்தால் சிரங்கு. கத்திரி வெயிலில் முதுகில் பொரிந்தால் வேர்க்குரு. உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ உடனே 108.

செட்ரிசின் போன்ற மாத்திரைகள் ஹிஸ்டமின் வேலை செய்யும் இடத்தை முன்கூட்டியே மறித்துக்கொள்கின்றன. அதனால்தான் தடித்த பிறகு விழுங்குவதைவிட, டாக்டர் சொன்னபடி தினமும் போடுவது நல்லது. இப்படித் தடிப்பு வருவதும் போவதுமாக ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் பலருக்கு வெளிக் காரணமே கிடைப்பதில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே மாஸ்ட் செல்லைச் சீண்டிக்கொண்டிருக்கும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு முறையும் தடித்தால் ஒழிய, அரிப்புக்குப் பயந்து நம் இலவம்பாடி முள் கத்தரிக்காயை ஒதுக்க எந்தக் காரணமும் இல்லை.