கட் விழும் நேரத்தில் கண் எங்கே இருக்கிறது?

அனிமேஷன் மாணவர்களின் குறும்படங்களில் ஒரு குறை அடிக்கடி கண்ணில் படுகிறது. ஒவ்வொரு ஷாட்டையும், அதாவது இடையில் வெட்டில்லாமல் ஓடும் காட்சித் துண்டையும், நிறுத்தி வைத்துப் பார்த்தால் அழகாக இருக்கும். தொடர்ந்து ஓடவிட்டால் படம் தடுக்கித் தடுக்கி நடக்கும். உருவங்களுக்கும் ஒளியமைப்புக்கும் மாதக்கணக்கில் உழைத்த மாணவர், ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் நொடியில், அதாவது கட் விழும்போது, பார்ப்பவரின் கண் திரையின் எந்த இடத்தில் நிற்கும் என்று கணக்கிட்டிருக்க மாட்டார்.

நாம் திரை முழுவதையும் ஒரே சமயத்தில் தெளிவாகப் பார்ப்பதாக எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் விழித்திரையின் நடுவிலுள்ள சிறு குழிப்பகுதிக்கு மட்டுமே நுணுக்கமான பார்வை உண்டு. அது காணும் பரப்பு சுமார் 2 டிகிரி, அதாவது நீட்டிய கையின் கட்டைவிரல் அகலம். மடிக்கணினித் திரையை 60 செ.மீ. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இது திரை அகலத்தில் ஏறத்தாழ 15இல் ஒரு பங்கு. அதனால்தான் கண் நொடிக்கு மூன்று முறை போல இடம் விட்டு இடம் தாவிக்கொண்டே இருக்கிறது. ஒரு தாவலைத் தொடங்க ஏறக்குறைய 200 மில்லிநொடியும், தாவி முடிக்க 30 முதல் 50 மில்லிநொடியும் ஆகின்றன. நொடிக்கு 24 ஃப்ரேம் (தனித்தனிப் படம்) ஓடும் படத்தில் இரண்டும் சேர்ந்து சுமார் ஆறு ஃப்ரேம். ஒரு நொடியே நீளும் ஷாட்டில் முக்கியமான செயல் எதிர்பாராத மூலையில் தொடங்கினால், அதன் கால் பங்கு யார் கண்ணிலும் படாமல் போய்விடும்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். மொட்டை மாடியில் சிறுமி ஒருத்தி காற்றாடி விடுகிறாள். நூல் அறுந்து, அது பக்கத்து மாடியில் பாட்டி பிழிந்து வைத்திருக்கும் வடாமின் மேல் போய் விழுகிறது. மாணவர் முதலில் செய்வது பெரும்பாலும் இப்படி இருக்கும்: காற்றாடி திரையின் வலது விளிம்பைத் தாண்டி மறையும், அடுத்த ஷாட்டில் இடது விளிம்பிலிருந்து நுழையும். திசை சரிதான், ஆனால் கண் திரையின் முழு அகலத்தையும் கடந்து வர வேண்டியிருக்கிறது. காற்றாடி இன்னும் நடுவில் விழுந்துகொண்டிருக்கும்போதே வெட்டி, அடுத்த ஷாட்டிலும் அதே இடத்திலிருந்து அதே திசையில் அது விழுவதாகத் தொடங்கினால், கண் பிடித்ததை விடாமல் கூடவே வந்துவிடும். உளவியல் ஆய்வாளர்கள் டிம் ஸ்மித், ஜான் ஹெண்டர்சன் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், திரைப்படத் துண்டுகளைப் பார்த்தவர்களிடம் கட் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். ஓர் அசைவின் நடுவே விழுந்த கட்களைத்தான் அவர்கள் அதிகம் தவறவிட்டார்கள். கவனம் அசைவின் மேல் இருக்கையில் வெட்டு கண்ணில் படுவதில்லை.

படம் தடுக்குவதற்கு, அனிமேஷன் பயில்பவருக்கு மிக நெருக்கமான இன்னொரு காரணமும் இருக்கிறது. சற்றே இடம் மாறிய இரு படங்களை அடுத்தடுத்துக் காட்டினால், மூளை அவற்றை ஒரே பொருளின் நகர்வாகக் கொள்கிறது. உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1912இல் ஆராய்ந்து எழுதிய இந்த மயக்கத்தின் மேல்தான் அனிமேஷன் கலையே நிற்கிறது. இரண்டு ஷாட்களில் கேமராவின் கோணம் கொஞ்சம் மட்டுமே மாறியிருந்தால் அதே மயக்கம் அங்கேயும் வேலை செய்து, சிறுமி நின்ற இடத்திலேயே துள்ளியதுபோல் காட்டிவிடுகிறது. கோணம் 30 டிகிரியாவது மாற வேண்டும், கூடவே உருவத்தின் அளவும் தெளிவாக மாறினால் நல்லது என்று படத்தொகுப்பாளர்கள் சொல்வது இதற்காகத்தான்.

சிறுமியும் பாட்டியும் மாடிக்கு மாடி பேசிக்கொள்ளும்போது, இருவரையும் இணைத்து ஒரு கற்பனைக் கோடு வரைந்து, கேமராவை அதன் ஒரே பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். சிறுமி வலப்புறம் பார்த்தால் பாட்டி இடப்புறம் பார்ப்பார். கோட்டைத் தாண்டிவிட்டால் இருவருமே வலப்புறம் நோக்கி, கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது ஆளிடம் பேசுவதுபோல் ஆகிவிடும். படப்பிடிப்புத் தளத்தில் சுவரும் விளக்கும் கேமராவைத் தடுக்கும். கணினிக்குள் அப்படி எந்தத் தடையும் இல்லாததால் கோட்டைத் தாண்டுவது மிக எளிது. மேலிருந்து பார்ப்பதுபோல் ஒரு வரைபடத்தைத் தாளில் போட்டு வைத்துக்கொண்டால் போதும்.

கேமரா நகர்வில்தான் அதிகத் தவறு நேர்கிறது. பிளெண்டர் போன்ற அனிமேஷன் மென்பொருள்கள் இரண்டு கீஃப்ரேம்களுக்கு (நகர்வின் தொடக்கத்தையும் முடிவையும் நாம் குறித்து வைக்கும் ஃப்ரேம்கள்) நடுவிலான நகர்வைத் தாமாகவே மெல்லத் தொடங்கி மெல்ல முடிக்கின்றன. மாணவர் ஷாட்டின் முதல் ஃப்ரேமிலும் கடைசி ஃப்ரேமிலும் கீஃப்ரேம் வைப்பதால், ஒவ்வொரு கட்டிலும் கேமரா நின்று, மறுபடி புறப்படுகிறது. படம் தடுக்குவதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் கணிப்பு. முதல் கீஃப்ரேமை ஷாட் தொடங்கும் கட்டுக்குப் பத்து ஃப்ரேம் முன்பாகவும், கடைசி கீஃப்ரேமை ஷாட் முடியும் கட்டுக்குப் பத்து ஃப்ரேம் பின்பாகவும் தள்ளி வைத்தால், ஓடிக்கொண்டிருக்கும் கேமராவுக்குள் நாம் நுழைந்து, அது ஓடும்போதே வெளியேறுகிறோம். காற்றாடியைத் தொடரும் ஷாட்களுக்கு இது பொருந்தும். பாட்டி நிமிர்ந்து பார்க்கும் ஷாட்டில் கேமரா அசையாமல் இருந்தால்தான் அவர் முகத்தில் தோன்றும் சிறு மாற்றம் தெரியும்.

இதையெல்லாம் ரெண்டருக்கு (கணினி இறுதிப் படங்களை உருவாக்கித் தருவது) பிறகு திருத்தப் பல நாட்கள் ஆகும், அனிமேட்டிக் நிலையிலோ, அதாவது எளிய படங்களை நேரக் கணக்கோடு கோத்து ஓட்டிப் பார்க்கும் முன்வடிவ நிலையிலோ, ஒரு பிற்பகல் போதும். ஒவ்வொரு ஷாட்டின் கடைசி ஃப்ரேமையும் அடுத்த ஷாட்டின் முதல் ஃப்ரேமையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, கண் நிற்கும் இடத்தில் சிவப்புப் புள்ளி வைத்து, படம் பார்த்திராத ஒரு நண்பரிடம் அனிமேட்டிக்கை ஓட்டிக் காட்டி, கட் விழும் இடத்தில் நிறுத்தி, எதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்க வேண்டும். அவர் விரல் வைக்கும் இடமும் நம் புள்ளியும் வெகுவாக விலகியிருக்கும் ஷாட்களில், பாட்டியையோ வடாம் துணியையோ சற்று நகர்த்தி வைத்து மறுபடி ஓட்டிப் பார்க்கலாம்.