எடை ஏறவில்லையா? தராசை அடுப்பங்கரையில் வையுங்கள்

"3,000 கலோரி சாப்பிடுறேன் சார், எடை அசையவே மாட்டேங்குது." உடற்பயிற்சியோடு எடை கூட்ட முயலும் (பல்க்கிங்) ஒல்லியான பையன்கள் ஆலோசனைக்கு வந்தால் பெரும்பாலும் இந்த வாக்கியத்தில்தான் தொடங்குவார்கள். கலோரி கணக்கிடும் செயலியில் அவர்கள் பதிந்ததைத் திறந்தால் காரணம் முதல் பக்கத்திலேயே இருக்கும். தட்டில் 330 கிராம் சோற்றை நிறுத்துவிட்டு, பட்டியலில் 'அரிசி 330 கிராம்' என்று பதிந்திருப்பார்கள்.

வேகாத அரிசி 100 கிராமில் சுமார் 355 கலோரி, 78 கிராம் மாவுச்சத்து, 8 கிராம் புரதம். வெந்தபின் தண்ணீரைக் குடித்து இரண்டரை முதல் மூன்று மடங்கு எடையாகிவிடும். 100 கிராம் சோற்றில் 130 கலோரிதான். 330 கிராம் சோறு தருவது ஏறக்குறைய 425 கலோரி. செயலியில் ஏறியதோ 1,170. ஒரே வேளையில் 700 கலோரிக்கு மேல் செயலியில் மட்டும் இருக்கிறது, வயிற்றுக்குள் போகவில்லை.

கறியில் இது தலைகீழ். 200 கிராம் எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறி வெந்து நீர் விட்டதும் 150 கிராம் அளவுக்குச் சுருங்கும். புரதம் எங்கும் போகவில்லை. 46 கிராம் அப்படியே இருக்கிறது. வெந்த எடையை வேகாத கறியின் அளவாகப் பதிந்தால் 34 கிராம்தான் காட்டும். எலும்போடு வாங்கினால் எலும்பைத் தனியே நிறுத்துக் கழிக்க வேண்டும்.

ஆகவே எதையும் வேகும் முன் நிறுங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே பானைதானே என்றால், அதற்கும் வழி இருக்கிறது. காலிக் குக்கரின் எடையை ஒருமுறை நிறுத்து எழுதி வையுங்கள், 1,400 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 400 கிராம் அரிசி போட்டு வெந்ததும் குக்கரோடு 2,500 கிராம் வந்தால், சோறு 1,100 கிராம். உங்கள் தட்டில் 330 கிராம் என்றால் அது முப்பது சதவீதம். அதாவது 120 கிராம் அரிசி. அந்த 120-ஐத்தான் பதிய வேண்டும். தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் இந்தக் கணக்கு தப்பாது. வடித்த சோறானால் கஞ்சியோடு கொஞ்சம் மாவுச்சத்து போகும், அதை விட்டுவிடலாம்.

சாம்பாருக்கும் இதே முறைதான், விடைதான் பலருக்குக் கசக்கும். 150 கிராம் துவரம்பருப்பில் 33 கிராம் புரதம். அது 1,500 கிராம் சாம்பாராகிவிட்டால், நீங்கள் ஊற்றிக்கொள்ளும் 200 கிராமில் வருவது நான்கரை கிராம்கூட இல்லை. சாம்பாரைப் புரதக் கணக்கில் நம்பியிருப்பவர்கள் பருப்பைத் தனியாகக் கெட்டியாகக் கடைந்து சாப்பிடுவது மேல்.

அடுத்தது எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. கரண்டியால் அளக்கச் சொன்னால் வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். சமைக்கும் முன்னும் பின்னும் எண்ணெய்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்தால் போதும். 60 கிராம் குறைந்து, நான்கு பேர் சாப்பிட்டால் உங்கள் பங்கு 15 கிராம் கொழுப்பு, 135 கலோரி. தேங்காய்ச் சட்னியும் இதே கணக்கில் வரும்: தேங்காய் 100 கிராமில் 33 கிராம் கொழுப்பு. சோற்றைக் கூட்டிப் பதிந்து எண்ணெயை விட்டுவிட்டால், மொத்தக் கலோரி சரிபோலத் தெரியும்; மாவுச்சத்து குறைந்து கொழுப்பு ஏறியிருப்பது மட்டும் கண்ணில் படாது.

செயலிகளில் 'சாம்பார் ஒரு கிண்ணம்' போன்ற பதிவுகளை யாரோ எப்படியோ ஏற்றியிருப்பார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையைப் பாருங்கள். அதில் ஆற்றல் கிலோஜூலில் இருக்கும். அரிசிக்கு 1,490 என்று கண்டு மிரள வேண்டாம், 4.184ஆல் வகுத்தால் கலோரி கிடைக்கும்.

இலக்கு எவ்வளவு? 22 வயது, 170 செ.மீ., 60 கிலோ ஆணை எடுத்துக்கொள்வோம். எடையைப் பத்தாலும், உயரத்தை 6.25ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதின் ஐந்து மடங்கைக் கழித்து, ஐந்தைச் சேர்த்தால் சுமார் 1,560; சும்மா இருந்தாலே உடல் ஒரு நாளில் செலவிடும் கலோரி இது. மிதமான உடலுழைப்புக்கு ஒன்றரை மடங்கு 2,340. அதன்மேல் 300 சேர்த்து 2,640. புரதம் கிலோவுக்கு 1.8 கிராம் வீதம் 108 கிராம். கொழுப்பு கிலோவுக்கு ஒரு கிராம், 60. புரதம் கிராமுக்கு 4, கொழுப்பு 9 கலோரி. இரண்டையும் கழித்து மீதியை நான்கால் வகுத்தால் மாவுச்சத்து ஏறக்குறைய 417 கிராம். பெண்களுக்கு ஐந்தைச் சேர்ப்பதற்குப் பதில் 161 கழிக்க வேண்டும்.

சைவர்களுக்கு 108 எட்டாது என்பது சரியல்ல. மீல் மேக்கர் 50 கிராமில் 26, அரை லிட்டர் பாலில் 16, வேகாத துவரம்பருப்பு 60 கிராமில் 13, கொண்டைக்கடலை 60 கிராமில் 11, நிலக்கடலை 40 கிராமில் 10, பனீர் 50 கிராமில் 9, 200 கிராம் தயிரில் 6, நாள் முழுக்க உண்ணும் 250 கிராம் அரிசியில் 20. கூட்டினால் 111. பாலை வகை பார்த்துப் பதியுங்கள்: டோன்டு பாலில் கொழுப்பு 3 சதவீதம், ஃபுல் க்ரீமில் 6. மாஸ் கெயினர் டப்பாக்கள் பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின்தான். அந்த மாவுச்சத்தை அரிசி மலிவாகவே தரும்.

எடையைக் காலையில், கழிவறை போய்வந்த பின், சாப்பிடும் முன் தினமும் பார்த்து வாரச் சராசரியை எடுங்கள். முதல் வாரம் ஒரு கிலோ கூடினால் துள்ள வேண்டாம். மாவுச்சத்து தசையில் கிளைக்கோஜனாகச் சேரும்போது கூடவே தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும், கிரியேட்டின் என்ற துணைப்பொடி எடுத்தாலும் அப்படியே. அதன்பின் 60 கிலோ ஆளுக்கு வாரம் 150 முதல் 300 கிராம் போதும். இரண்டு வாரம் அசையாவிட்டால் 150 கலோரியை, பெரும்பாலும் மாவுச்சத்தாக, கூட்டுங்கள். இடுப்பளவு மட்டும் மளமளவென ஏறினால் அதே அளவைக் குறையுங்கள். குறைக்கும் முன் எண்ணெய்ப் பாத்திரத்தை இன்னொருமுறை நிறுத்துப் பாருங்கள். சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ இருப்பவர்கள் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனையில் வரும் கிரியேட்டினின் (creatinine) அளவைக் காட்டிக் கேட்க வேண்டும். தராசில் வைக்காத உணவைத் தொடவே பயம் வந்துவிட்டால், பதிவதை நிறுத்திவிட்டு அதற்கும் மருத்துவ ஆலோசனை பெறுங்கள்.