கத்திப் பேசினால் காது கேட்குமா?

"சத்தம் கேட்குது, என்ன சொல்றாங்கன்னுதான் பிடிபடல." செவித்திறனைப் பரிசோதிக்கும் ஆடியாலஜிஸ்ட்டான என்னிடம் வருகிற பெரியவர்கள் பலர் சொல்வது இதுதான். கூட வந்த மகளோ, "நாங்க கூப்பிட்டா மட்டும் கேட்காது சார், டிவி சீரியல் நல்லா கேட்கும்" என்பார். அப்பா வேண்டுமென்றே செய்கிறார் என்ற சந்தேகம் அந்தப் பேச்சில் இருக்கும். இதையெல்லாம் வாயால் விளக்கிப் பயனில்லை. அதனால் கணினியில், ஒலியைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமைத் திறந்து காட்டிவிடுகிறேன்.

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான 'ப்ராட்' என்ற இலவச மென்பொருள் போதும். திரையில் இடமிருந்து வலமாக நேரம் ஓடும். கீழிருந்து மேலே போகப் போக அதிர்வெண் கூடும், அதாவது ஒலி கீச்சென்று ஆகும். எங்கே கறுப்பாக இருக்கிறதோ அங்கே ஒலி வலுவாக இருக்கிறது.

மகளை மைக்கில் 'காது', 'காசு' என்று சொல்லச் சொல்வேன். இரண்டிலும் 'கா' ஒரே மாதிரிதான்: திரையின் அடிப்பகுதியில் அடுக்கடுக்காகக் கரும்பட்டைகள். அப்புறம்தான் வித்தியாசம். 'து' வரும் இடத்தில் பட்டைகள் சற்று மங்கி, மறுபடி எழும். 'சு' தொடங்கும் இடத்தில் கீழே ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே புகைமூட்டம் போல ஒரு சாம்பல் திட்டு. அந்தத் திட்டுதான் 'ச'. ஃபில்டர் போட்டு மேல்பகுதியை வெட்டிவிட்டு ஒலிக்கவிட்டால், காதா காசா என்று மகளே தடுமாறுவார்.

வயதாகும்போது காது இழப்பது பெரும்பாலும் இந்த மேல்பகுதியைத்தான். உள்காதில் ஒலியை உணரும் பகுதியான காக்ளியாவில் உயர் அதிர்வெண்களுக்கான செல்கள் நுழைவாயில் பக்கம் இருக்கின்றன. முதலில் பழுதாவதும் அவைதான். விசைத்தறிக் கூடம் மாதிரி இரைச்சலில் வருடக்கணக்காக வேலை பார்த்தவர்களுக்கு, எந்த அதிர்வெண் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடமான ஆடியோகிராமில் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளம் விழும். கீழ்ப்பகுதி நன்றாக இருப்பதால் குரல் கேட்கும், சொல் பிடிபடாது.

சரி, கத்திச் சொன்னால்? அதையும் மகளைச் செய்யச் சொல்வேன். அடிப்பட்டைகள்தான் தடித்துக் கறுக்கும். 'ச'வின் திட்டு அந்த அளவுக்கு வளராது. பழுதான காதுக்குப் பெரிய சத்தம் சட்டென்று எரிச்சலும் தரும். அதனால்தான் "கேட்கல" என்றவரே அடுத்த நொடி "ஏன் கத்துற?" என்கிறார். டிவியை அணைத்துவிட்டு, முகம் தெரிய நின்று, நிதானமாகச் சொல்வது இதைவிட எவ்வளவோ மேல்.

பழைய போன் இணைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். 'ச' நமக்கே பாதிதான் வந்து சேரும். பெரியவர்களிடம் வீடியோ காலில் பேசுங்கள், உதடாவது தெரியும்.

கைபேசிச் செயலியில் ஸ்பெக்ட்ரோகிராம் பார்த்துவிட்டு அதையே செவிப் பரிசோதனையாக நினைத்துவிடாதீர்கள். அது உங்கள் குரலைக் காட்டும், அப்பாவின் காதைக் காட்டாது. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும், காதில் மாட்டும் ஒலிபெருக்கிகளில் பல எல்லா அதிர்வெண்ணையும் ஏறக்குறைய ஒன்றாகத் தூக்குபவை, கத்துவதற்குச் சமம். ஆடியோகிராமைப் பார்த்து ட்யூன் செய்த காது மெஷின், கேட்கும் திறன் குறைந்த இடத்தை மட்டும் கூட்டும்.

அதையும் ஒரே வாரத்தில் டிராயரில் போட்டுவிடுபவர்கள் உண்டு. "பாலிதீன் பை சத்தம் தாங்கல" என்பார்கள். அந்தச் சரசரப்பு விழுவதும் 'ச' விழும் அதே மேல்பகுதியில்தான். இத்தனை வருடம் கேட்காமல் இருந்தது, இப்போது கேட்கிறது. சில வாரம் தொடர்ந்து போட்டால் பழகிவிடும். பழகாவிட்டால் மெஷினோடு வாருங்கள், ட்யூனிங்கை மாற்றிப் பார்க்கலாம்.