கை கால் சரியாகிவிட்டது, ஓட்ஸ் கஞ்சி வைக்க முடியுமா?

பக்கவாதம் வந்தவர் வீடு திரும்பியதும் எல்லோரும் கவனிப்பது கை தூக்குகிறாரா, நடக்கிறாரா, பேச்சு குழறுகிறதா என்பதைத்தான். மூன்றும் சரி என்றால் ‘பிழைத்துக்கொண்டார்’ என்று ஆறுதல் அடைவார்கள். சில வாரங்கள் போனால்தான் வேறொன்று தெரியவரும். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அப்படியே நிற்கிறார். கரன்ட் பில்லைப் பத்து முறை எடுத்துப் பார்க்கிறார், கட்டமாட்டேன் என்கிறார் என்றில்லை; கட்டத் தொடங்குவதே இல்லை.

பழுதானது திட்டமிட்டு, வரிசைப்படுத்தி, நடுவில் தடம் மாறாமல் ஒரு வேலையை முடிக்கும் திறன். மூளையின் முன்மடல்தான் இதற்குப் பொறுப்பு என்றாலும், அது ஆழத்திலுள்ள தலாமஸ் போன்ற பகுதிகளோடு சேர்ந்தே வேலை செய்கிறது. அதனால் உள்ளே ஏற்படும் சிறு அடைப்புகூட இதைக் கெடுக்கும்.

இதை எப்படி அளப்பது? பழைய, பிரபலமான சோதனை ஒன்று உண்டு. முதல் தாளில் சிதறிக் கிடக்கும் 1 முதல் 25 வரையான எண்களைக் கோடிட்டு இணைக்க வேண்டும். இரண்டாவதில் எண்ணும் எழுத்தும் மாறி மாறி வரும். தமிழில் என்றால் 1-அ-2-ஆ என்று போக வேண்டும். வலது கை பலவீனமானவருக்கு இரண்டுமே தாமதமாகும். எனவே இரண்டாவது நேரத்திலிருந்து முதல் நேரத்தைக் கழிப்பார்கள். மிஞ்சுவது பெரும்பாலும் எண்ணுக்கும் எழுத்துக்கும் இடையே மனம் மாறி மாறித் தாவ எடுத்துக்கொண்ட நேரம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக எழுத்துக்குப் பதில் இரண்டு நிறங்களை வைத்த வடிவமும் இருக்கிறது.

ஆனால் தாள் சோதனையில் தேறியவர் கடைத்தெருவில் தோற்கலாம். 1991-ல் ஷாலிஸ், பர்ஜஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். தலைக்காயத்தால் முன்மடல் பாதித்த மூவர். புத்திக்கூர்மைச் சோதனைகளில் நல்ல மதிப்பெண். கடைத்தெருவுக்கு அனுப்பி, ரொட்டி வாங்கு, தக்காளி விலை கேள், 15 நிமிடம் ஆனதும் குறித்த இடத்தில் நில் என்றார்கள். விதிகளும் உண்டு. மூவரும் திணறினார்கள். காரணம் எளிது: சோதனை அறையில் எப்போது தொடங்குவது, எதை முடிப்பது என்பதையெல்லாம் சோதிப்பவரே சொல்லிவிடுகிறார். தெருவில் யார் சொல்வது?

பக்கவாத நோயாளிகளிடம் பயன்படுத்தப்படும் அமெரிக்கச் சோதனை ஒன்று இதற்கு நல்ல வழி கண்டது. ஓட்ஸ் கஞ்சி வைப்பது, போன் செய்வது, மாத்திரை போடுவது, பில் கட்டுவது என நான்கே வேலைகள். (சமையலறைப் பக்கமே போகாத நம் ஊர் ஆண்கள் கஞ்சியில் தோற்றால் பக்கவாதத்தைக் குறை சொல்ல முடியாது, செய்முறை கையிலேயே தரப்படுவதால் ஓரளவு தப்பிக்கலாம்.) செய்தாரா இல்லையா என்பதைவிட, எவ்வளவு உதவி தேவைப்பட்டது என்பதற்கே மதிப்பெண். தானாகச் செய்தால் 0. “அடுத்து என்ன?” என்று சோதிப்பவர் கேட்டாலே போதுமானால் 1. சைகை காட்ட வேண்டியிருந்தால் 2, நேராகச் சொல்ல வேண்டியிருந்தால் 3, கைப்பிடித்து உதவினால் 4, நாமே செய்து கொடுத்தால் 5.

இந்த எண் வீட்டுக்காரர்களுக்கு நேரடியாகப் பயன்படும். கஞ்சியில் 1 வாங்கியவர் அடுப்பருகே ஒருவர் நின்றால் சமைக்கலாம். பில்லில் 5 வாங்கினால், பணம் கட்டும் பொறுப்பை இப்போதைக்கு வேறொருவர் எடுத்துக்கொள்வதே நல்லது.